நிறுத்திய நொடியில் கையில் என்ன இருக்கிறது

ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதியின் படிக்கட்டில் ஒரு மந்திரவாதி நிற்பான். பெயர் டார்னெஷ். பால்டர்ஸ் கேட் என்ற கணினி விளையாட்டை ஆடிய யாரைக் கேட்டாலும் அவனைத் தெரியும் என்பார்கள். ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். முந்தைய இரவுதான் வளர்ப்புத் தந்தை கோரியன் கண்ணெதிரே கொல்லப்பட்டிருப்பார். ஏதாவது ஆகிவிட்டால் அந்த விடுதிக்குப் போ, கலீதும் ஜஹீராவும் இருப்பார்கள் என்று அவர் சொல்லி வைத்ததை மட்டும் நம்பி நடந்து வந்திருப்போம். அப்பாடா என்று வாசலில் கால் வைக்கும்போது இவன் நெருங்கி வந்து பெயரைக் கேட்பான். அடுத்த நொடி கையைத் தூக்கி மந்திரம் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

முதலில் தன்னைப் போலவே நிழல் உருவங்களை உண்டாக்கிக்கொள்வான். யாரை அடிப்பது என்றே தெரியாது. அப்புறம் பயம் கிளப்பும் மந்திரம். நம் ஆட்களின் காலடியில் இருக்கும் வளையங்கள் மஞ்சளாக மாறும். அதன்பிறகு அவர்கள் நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள், திசைக்கொருவராக ஓடுவார்கள். முதல் லெவலில் மந்திரவாதியாக ஆடுபவரின் உயிர்ப் புள்ளி நாலோ ஐந்தோதான். அவன் ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்துவான்.

நானும் அங்கே பலமுறை செத்திருக்கிறேன். பெரியப்பா வீட்டு அண்ணன்தான் அந்த விளையாட்டை எனக்கு அறிமுகப்படுத்தியவர். பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு கட்டத்தில் எழுந்து வந்து, "டேய், ஏன் இப்படி அவசரப்படுற? ஸ்பேஸ் பாரைத் தட்டு. அவன் கையைத் தூக்கினதும் தட்டு" என்றார்.

தட்டினேன். எல்லாம் நின்றது. மந்திரவாதியின் கைகள் தூக்கியபடி, விரல்களைச் சுற்றி ஒளி. என் ஆள் வில்லை இழுத்த நிலையில். என்னோடு வரும் தோழி இமோயன் இரண்டடி பின்னால். "இப்ப அந்தப் பொண்ணு கையில என்ன இருக்குன்னு பாரு" என்றார் அண்ணன். இமோயனிடம் ஒரு மந்திரக்கோல் இருந்தது. ஆட்டத்தின் ஆரம்பத்திலிருந்தே இருந்ததுதான், நான் திறந்தே பார்த்ததில்லை. அதிலிருந்து கிளம்பும் ஒளி அம்பு குறி தவறாது. அவன் முதல் மந்திரத்தை முடிப்பதற்குள் அது போய் அடித்தால் மந்திரம் கலைந்துவிடும். கட்டளையைக் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். அவனுக்கு நிழல்கள் வரவில்லை. அடுத்த மந்திரத்தைத் தொடங்குவதற்குள் மறுபடி நிறுத்தினேன். மொத்தம் நாலைந்து முறை நிறுத்தியிருப்பேன். அவன் படிக்கட்டிலேயே விழுந்தான்.

அன்றிலிருந்து இந்த வகைச் சண்டைமேல் எனக்கு ஒரு தீராத பிரியம். ஓடிக்கொண்டே இருக்கும், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இது எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடிப் படித்தபோது இன்னும் பிடித்துப்போனது. கனடாவின் எட்மன்டன் நகரத்தில் பயோவேர் நிறுவனத்தைத் தொடங்கிய ரே மியூசிகா, கிரெக் ஸெஸ்சுக் இருவரும் மருத்துவம் படித்தவர்கள். அவர்கள் குழு முதலில் செய்து காட்டியது ஒரு படை நடத்தும் விளையாட்டின் மாதிரி. சுட்டியைப் பிடித்து இழுத்துக் கட்டம் போட்டு, வீரர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அனுப்புவோமே, அந்த வகை. பதிப்பாளரான இன்டர்பிளேயிடம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் உரிமம் இருந்தது. இரண்டும் சேர்ந்து 1998 டிசம்பரில் பால்டர்ஸ் கேட் ஆக ஐந்து சிடிக்களில் வந்தது. ஆறு பேர் கொண்ட நம் குழுவைக் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், அது அந்தப் பழைய மாதிரியின் மிச்சம்.

மேசையில் காகிதமும் பகடையுமாக ஆடும்போது இந்த ஆட்டத்தில் எல்லோரும் முறை வைத்துத்தான் ஆடுவார்கள். அந்தக் காலத்து விதிப்புத்தகத்தில் ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். கணினியில் ஒரு நிமிடம் காத்திருக்க யாரால் முடியும்? அதை ஆறு விநாடியாகச் சுருக்கினார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக ஆறு விநாடிச் சுற்று பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மந்திரத்தின் வேகம் 3 என்றால், சுற்றில் பத்தில் மூன்று பங்கு, அதாவது இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம், மந்திரவாதி அடி வாங்காமல் நிற்க வேண்டும். கண்ணுக்கு அது நேரடிச் சண்டையாகத் தெரியும். உள்ளே பகடை உருண்டுகொண்டுதான் இருக்கும். நிறுத்தும் வசதி மட்டும் இல்லாவிட்டால் அந்த ஆறு கணக்கையும் மனிதக் கண்ணால் பின்தொடர முடியாது. தானாகவே நிற்கும்படியும் வைக்கலாம்: யாராவது அடி வாங்கினால், யாராவது செத்தால், கையிலிருக்கும் ஆயுதம் பயன்படாமல் போனால், ஒவ்வொரு சுற்றும் முடிந்தால். நான் கடைசியதை மட்டும் அணைத்து வைத்துவிட்டு மற்றவற்றை வைத்துக்கொள்வேன்.

ஆனால் இங்கே சொல்ல வந்தது நிறுத்தத்தைப் பற்றி மட்டும் இல்லை. லெவல் ஏறுவதையும், அதாவது அனுபவம் சேரச் சேர நம் ஆட்களின் பலம் படிப்படியாகக் கூடுவதையும் சேர்த்துத்தான். பல வருஷமாக இவற்றை இரண்டு தனித்தனி விஷயமாகவே நினைத்திருந்தேன். ஒன்று சண்டைக்கு நடுவில் நடப்பது, மற்றது சண்டை முடிந்து ஓய்வாக இருக்கும்போது நடப்பது. அப்படி இல்லை, இரண்டும் ஒரே நூலின் இரு நுனிகள் என்று எனக்குப் புரியவைத்தது டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். பழைய பால்டர்ஸ் கேட்டில் லெவல் ஏறும்போது நாம் செய்ய வேண்டியது அதிகம் இருக்காது. உயிர்ப் புள்ளி கூடும். போர்வீரன் என்றால் சில லெவலுக்கு ஒருமுறை எந்த ஆயுதத்தில் தேர்ச்சி என்று ஒரு புள்ளி வைக்க வேண்டும். திருடன் என்றால் பூட்டு திறக்க, பொறி கண்டுபிடிக்க என்று புள்ளிகளைப் பிரிக்க வேண்டும். அவ்வளவுதான். நமக்குப் பதிலாகக் கணினியே தேர்ந்தெடுத்துத் தானியங்கியாக லெவல் ஏற்றும் பொத்தானுக்கு அங்கே வேலையே இல்லை. 2000இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின் மூன்றாம் பதிப்பு வந்தது, நிலைமை மாறிப்போனது. எந்த லெவலிலும் எந்தத் தொழிலுக்கும் மாறலாம், திறமைகளுக்குத் தனிப் புள்ளி, அதற்குமேல் சிறப்பு வித்தைகள், ஒரு வித்தையை எடுக்க இன்னொன்று முன்நிபந்தனை. லெவல் ஏறுவது என்பதே விண்ணப்பப் படிவம் நிரப்புவது போல ஆனது. 2002இல் வந்த நெவர்விண்டர் நைட்ஸும் 2003இல் வந்த நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்கும் இந்தப் புது விதிகளின்மேல் கட்டப்பட்டவை. 'பரிந்துரை' என்று ஒரு பொத்தானும், கூட்டாளிகளுக்குத் தானாகவே லெவல் ஏற்றிவிடு என்ற வசதியும் அந்தக் காலத்தில்தான் பரவின. தேர்வுகள் பெருகியதால் வந்த வசதி இது. விளையாடுபவர்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, டிராகன் ஏஜுக்கு வருகிறேன். 2009இல் வந்தது. களத்தில் நான்கு பேர். ஒவ்வொரு லெவலுக்கும் மூன்று பண்புப் புள்ளி, ஒரு வித்தை. வித்தைகள் நான்கு படிகள் கொண்ட வரிசைகளாக இருக்கும். முதல் படி சாதாரணமானது, நான்காவது படியில்தான் உண்மையான பலம் இருக்கும். எனக்கு அப்போது புது வேலை, இரவில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. கதையைப் பார்த்தால் போதும் என்று கூட்டாளிகளுக்கு லெவல் தானாக ஏறும்படி வைத்துவிட்டேன். மாதக்கணக்கில் அது உறுத்தவே இல்லை. சின்னச் சண்டைகள் தானாக முடிந்தன.

பிறகு குள்ளர்களின் பாதாளப் பாதைகள். ஆட்டத்திலேயே நீளமான, இருண்ட பகுதி. போகப் போக சுவர்களில் சதை படர்ந்திருக்கும். எங்கோ ஒரு பெண்ணின் குரல் திரும்பத் திரும்ப எதையோ முனகும். கடைசியில் ஒரு குகையில் புரூட்மதர் என்ற பிராணி. அரக்கக் கூட்டத்தையே ஈன்றெடுக்கும் தாய். அவளால் நகர முடியாது. ஆனால் நாம் நிற்கும் இடத்துக்கெல்லாம் தரையைப் பிளந்துகொண்டு அவளுடைய கொடுக்குக் கைகள் வரும். நடுநடுவே அவள் கூப்பிட, அரக்கர்கள் பின்பக்கமாக வந்து சூழ்வார்கள்.

என் கூட்டாளியான போர்வீரன் அலிஸ்டரை இரண்டு கைகள் மாறி மாறி அடித்தன. உயிர்ப் பட்டை பாதிக்குக் கீழே இறங்கியது. ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். எல்லாம் நின்றது. வின்னைத் தேர்ந்தெடுத்தேன். வயதான மந்திரக்காரி, குணமாக்குவதில் தேர்ந்தவள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. கீழே அவளுடைய மந்திரங்களின் படங்கள் வரிசையாக இருந்தன. பதினான்கோ பதினைந்தோ. அவற்றில் நான் அடையாளம் கண்டது இரண்டை.

மற்றவை என்ன? ஒவ்வொன்றின்மேலும் சுட்டியை வைத்து விளக்கத்தைப் படித்தேன். பனி, நெருப்பு, சாபம் என்று எல்லாவற்றிலும் முதல் படியோ இரண்டாவது படியோ. எந்த வரிசையும் முடியவில்லை. அலிஸ்டரும் அப்படியே. திரை உறைந்து நின்றது, பத்து நிமிடம் நானும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்னோடு இத்தனை தூரம் நடந்து வந்த மூன்று பேர், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் கதை பேசியவர்கள், ஆனால் அவர்களுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்பேஸ் பார் நேரத்தை நிறுத்திக் கொடுத்துவிட்டது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு செய்ய என்னிடம் எதுவும் இல்லை.

அங்கேதான் எனக்கு உறைத்தது. லெவல் ஏறும் திரையில் நாம் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும், பின்னால் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நமக்கே நாம் எழுதி வைத்த கடிதம். விதைக்கிற கை வேறொருவருடையது என்றால், அறுக்கும்போது எந்த வயலில் என்ன பயிர் என்று எப்படித் தெரியும்? தானியங்கி வைத்த புள்ளிகள் மோசமானவை என்பதுகூட இரண்டாம்பட்சம். அவை நல்லவையாகவே இருந்திருந்தாலும் அந்த நொடியில் அவை எனக்கு அந்நியமாகத்தான் இருந்திருக்கும். அந்த ஆட்டத்தில் வைத்த புள்ளிகளைத் திரும்ப எடுக்கவும் வழி இல்லை. அதற்கான வசதி அடுத்த ஆண்டு விரிவாக்கத்தில்தான் வந்தது. பை நிறைய இருந்த மருந்துகளை ஒவ்வொன்றாகக் குடிக்கவைத்து அந்தச் சண்டையை எப்படியோ முடித்தேன்.

சில வருஷம் கழித்து மறுபடி ஆடினேன். இந்த முறை ஒவ்வொரு புள்ளியும் என் கையால். வின்னுக்கு ஒரு வித்தையைத் தேடி எடுத்தேன்: ஒருவரைச் சுற்றி ஊடுருவ முடியாத ஒரு காப்பு. உள்ளே இருப்பவர் எதுவும் செய்ய முடியாது, ஆனால் அவரை யாராலும் எதுவும் செய்ய முடியாது. எதிரியை அடைத்து வைக்கத்தான் அந்த மந்திரம் என்று தோன்றும். நான் எடுத்தது அலிஸ்டருக்காக. அதே குகை, அதே தாய். எல்லோரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அலிஸ்டர் நடுவில் நிற்க, பட்டை இறங்கியதும் நிறுத்தி, அவர்மேலேயே அந்தக் காப்பைப் போட்டேன். அரக்கர்கள் அந்த ஒளிக் கூண்டை அடித்துக்கொண்டே இருந்தார்கள், மற்ற மூவரும் சுற்றி நின்று அவர்களை முடித்தார்கள். அந்த நிறுத்தம் இரண்டு விநாடிகூட நீளவில்லை.

தானாக லெவல் ஏற்றுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2018இல் வந்த பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர் ஆடியவர்களுக்குத் தெரியும். களத்தில் ஆறு பேர், வெளியே காத்திருப்பவர்கள் இன்னும் பலர், ஒவ்வொருவருக்கும் இருபது லெவல், ஒவ்வொரு லெவலிலும் படிக்கப் படிக்கத் தீராத வித்தைப் பட்டியல். இந்த விதிகளோடு பழகாத ஒருவரை அதில் தனியாக விட்டால் முதல் வாரத்திலேயே ஆட்டத்தை மூடிவிடுவார். அவருக்குத் தானியங்கிதான் வாசல். வாசலை அடைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஆட்டத்திலும் ஆரம்பத்திலேயே ஒரு குகை இருக்கிறது. பழம் பறிக்கப் போனால் சிலந்திக் கூட்டம் மேலே ஏறும். கத்தியால் வெட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது, நெருப்புக் குப்பியை எறிய வேண்டும். அது தெரியாமல் செத்தவர்கள் ஏராளம். தானியங்கி என்னதான் சரியாகப் புள்ளி வைத்தாலும், பையில் நெருப்புக் குப்பி இருக்கிறதா என்று நிறுத்திப் பார்க்கிற வேலை நம்முடையதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பழைய 'பரிந்துரை' பொத்தான். அழுத்தினால் அது தன் தேர்வைத் திரையில் நிரப்பிக் காட்டும். சரி என்று நாம் சொன்ன பிறகுதான் மேலே போகும். நமக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது. ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், சண்டையில் அந்தப் படம் வரும்போது அடையாளம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அண்ணன் போல அது. சத்தமில்லாமல் முடித்துவிட்டுப் போகிற தானியங்கி, வீட்டுப்பாடத்தை நமக்காக எழுதிக் கொடுத்துவிடுகிற ஆள் போல. பரீட்சை நமக்குத்தான் வரும்.

தவறைத் திருத்த இடம் கொடுப்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டியில் விடுதியில் காசு கொடுத்து எல்லாப் புள்ளிகளையும் திரும்ப வைக்கலாம். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல் முகாமில் நிற்கும் எலும்புக்கூடு மனிதர் விதர்ஸிடம் 100 பொன் கொடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இதெல்லாம் ஆட்டத்தை எளிதாக்கிவிடும் என்று குறைப்படுபவர்கள் உண்டு. என் அனுபவத்தில், திரும்ப வைக்கலாம் என்று தெரிந்தால்தான் புதியவர்கள் தைரியமாகத் தானே கை வைக்கிறார்கள்.

நிறுத்தத்துக்கும் தானியங்கிக்கும் நடுவில் இன்னொரு பாதையும் உண்டு. முன்கூட்டியே கட்டளை எழுதி வைப்பது. 2006இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 12இல் கேம்பிட் என்று அதற்குப் பெயர். கூட்டாளியின் உயிர் பாதிக்குக் கீழே போனால் குணமாக்கு, எதிரி பறப்பவன் என்றால் அம்பு விடு என்று ஒருவருக்குப் பன்னிரண்டு வரிகள்வரை எழுதலாம். அந்த நிபந்தனைகளைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. டிராகன் ஏஜிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு இருந்தது. இதுவும் தானாக நடப்பதுதான். ஆனால் வரிகளை எழுதியது நாம். சண்டை பிசகினால் எந்த வரி பிசகியது என்று கண்டுபிடித்து மாற்றலாம்.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. பில்லர்ஸின் இரண்டாம் பாகம் 2018இல் நிறுத்தும் சண்டையோடு வந்து, 2019 ஜனவரியில் முறை வைத்து ஆடும் வசதியையும் சேர்த்துக்கொண்டது. கிங்மேக்கரில் அதே வசதியை ரசிகர் ஒருவர் 'மாட்' எனப்படும் கூடுதல் நிரலாகச் செய்திருந்தார், அதை 2020இல் ஆட்டமே ஏற்றுக்கொண்டது. பால்டர்ஸ் கேட் 3 முழுக்க முறை வைத்துத்தான். அதில் ஒவ்வொரு அடியும் தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் பழைய பால்டர்ஸ் கேட்டின் நாஷ்கெல் சுரங்கத்தில் எலிபோல் வரும் கோபால்டு என்ற குட்டி அரக்கர்களை ஆறு பேரும் நடந்துகொண்டே முடித்துவிட்டு, பெரிய ஆள் வரும்போது மட்டும் நிறுத்தி மூச்சு வாங்குகிற தாளம் அங்கே கிடைக்காது. எங்கே நிற்க வேண்டும் என்பதை நான் முடிவுசெய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எல்லா இடத்திலும் நிற்கிற ஆட்டத்தில் அந்த முடிவு என்னிடம் இல்லை.

போன கோடை விடுமுறையில் தங்கை மகன் வந்திருந்தான். பதிமூன்று வயது. அவனுடைய டேப்லெட்டில் நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்கை ஏற்றிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த ஆட்டத்தின் டாரிஸ் கிரகத்தில், எதிரிகளான சித் கூட்டத்தின் படைத்தளத்து உள்ளறையில் ஆளுநன் ஒருவன் இருப்பான், பாதிப் பேர் அங்கே முதல்முறை தோற்பார்கள். "மாமா, இவன் என்னை அடிச்சுக்கிட்டே இருக்கான். நிறுத்திப் பார்த்தேன், ஆனா என்ன பண்ணணும்னு தெரியல" என்றான்.

"மிஷனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். மிஷன் அந்த ஆட்டத்தில் வரும் பதினான்கு வயதுப் பெண். பூட்டுத் திறப்பதிலும் பதுங்குவதிலும் கெட்டிக்காரி.

யோசித்தான். "தெரியலை மாமா. அதுவே லெவல் ஏத்திக்குது."

அமைப்புப் பகுதியைத் திறந்து, கூட்டாளிகளுக்குத் தானாக லெவல் ஏற்றும் கட்டத்தைக் காட்டினேன். அணைக்கலாமா வேண்டாமா என்று அவனையே முடிவுசெய்யச் சொன்னேன். அணைத்தான். பழைய சேவ் ஒன்றுக்குப் போனான். மிஷனுக்கு அடுத்த லெவல் வந்தபோது அந்தத் திரையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தான். பரிந்துரையை அழுத்திப் பார்த்தான், பிடிக்கவில்லை, அழித்தான். சாப்பிடக் கூப்பிட்ட என் அம்மாவுக்கு, "இருங்க பாட்டி, அவளுக்கு ஒரு புள்ளி மிச்சம் இருக்கு" என்று பதில் சொன்னான்.

சாயங்காலம் நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது கூடத்தில் தரையில் குப்புறப் படுத்து ஆடிக்கொண்டிருந்தான். திரையில் அதே அறை. ஆளுநன் வாளை ஓங்கியபடி பாதி வழியில் நின்றான். மிஷனின் கையில் காலைத் தரையோடு ஒட்ட வைக்கும் பசைக் குண்டு. பையன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்தப் பொத்தானின்மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு, யாரை முதலில் நகர்த்துவது என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். பையைச் சுவரோரமாக வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.